எட்டு மெகாபிக்சல்

காபி ஆறுகிறது, முதலில் அதைக் குடியுங்கள் அம்மா. இன்ஸ்பெக்டர் ஆனாலும் உங்களுக்கு என் மகள் வயதுதான். ஒன்று சொல்கிறேன், கேமரா வாங்கப் போனால் மெகாபிக்சலைப் பார்த்து ஏமாறாதீர்கள். போஸ்ட்கார்டு அளவு பிரிண்டுக்கு மூன்றே போதும். எட்டில் எடுத்தாலும் அதே காகிதம், அதே முகம். சுவரில் மாட்டப் பெரிதாக்கினால்தான் வித்தியாசம் தெரியும். ராஜகீழ்ப்பாக்கத்தில் இந்த ரத்தினத்தின் ஸ்டூடியோவுக்கு வந்த யாரையும் கேளுங்கள். இந்த விஷயத்தில் நான் ஒருவரையும் ஏமாற்றியதில்லை. ஒரே ஒருவரைத் தவிர.

என் மகன் தசரதனுக்கு இது ஏறாது. எட்டு மெகாபிக்சல் கேமரா வாங்கினான், வாசலில் போர்டும் மாட்டினான். "கஸ்டமரு படத்தையா பாக்கறான்? நம்பரைத்தாம்மா பாக்கறான்" என்பான். கெட்டிக்காரப் பிள்ளை. படம் எடுப்பது அவன். கம்ப்யூட்டரில் டச்சப் செய்து பிரிண்ட் போடுவது நான். நெகட்டிவில் பென்சிலால் பரு மறைத்த காலத்திலிருந்தே அது என் வேலை, யாரும் சொல்லித் தரவில்லை. பக்கத்தில் இருக்கும் நல்ல தோலை எடுத்துத் தழும்பின்மேல் வைக்கவேண்டும், அவ்வளவுதான். அம்மைத் தழும்போடு வந்த எத்தனையோ பெண்களைக் கரையேற்றிய கை இது.

என் மருமகள் தேவதர்ஷினிக்குப் பெண் பார்க்கும் படமும் இங்கேதான் எடுத்தோம். எனக்கு அதில் வேலையே இல்லை. அவ்வளவு சுத்தமான முகம்.

தசரதனுக்குக் கோபம் வந்தால் கை அவள் கழுத்துக்குப் போகும். உடனே எடுத்தும் விடுவான், அதையும் சொல்லவேண்டும். தடம் ஆறும்வரை அவளை வெளியே விடமாட்டான். ஆறிய பிறகு அவள் பல்லாவரம் போய் அழுதால், அவள் அப்பா துரைராஜ் வெறும் கழுத்தைத்தான் பார்ப்பார். "அடையாளமே இல்லியே. கண்ணால பாத்தா நானே வந்து இட்டுகினு போறேன்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

அதனால் அவள் ஒரு யோசனை செய்தாள். தசரதன் குளிக்கப் போன நேரத்தில் அவன் கேமராவாலேயே முகமும் கழுத்தும் தெரியத் தன்னைப் படம் எடுத்தாள். மெமரி கார்டைக் கழற்றி என் கையில் வைத்தாள்.

"அப்பா கடைக்கு வந்தா பிரிண்ட் போட்டுக் குடுத்துடுங்க அத்தை. எட்டு மெகாபிக்சல், நல்லாத் தெரியும். இந்த வீட்ல உங்களை விட்டா எனக்கு யாரு?"

கன்னத்தைத் தடவிக் கொடுத்தேன். பொய்யாக அல்ல.

திரையில் திறந்தால் ஐந்து விரலும் விழுந்திருந்தன. சம்பந்தி போட்ட மாப்பிள்ளை மோதிரத்தின் தடம் தனியாக. அந்த விரல்களைப் பிடித்துத்தான் நான் அரிசியில் அனா, ஆவன்னா எழுத வைத்தேன். கழுத்தை நெரிக்கிறவனை எந்தக் கல்யாண வீட்டுக்காரர் படம் எடுக்கக் கூப்பிடுவார், சொல்லுங்கள். காதுக்குக் கீழே நல்ல தோல் இருந்தது. அதை எடுத்து ஒவ்வொரு விரலையும் மூடினேன். கண்ணில் ஈரம் பளபளத்தது, அதையும் கொஞ்சம் குறைத்தேன்.

வெள்ளிக்கிழமைச் சந்தையில் மகளுக்கு வாங்கிய ரோஜாத் தொட்டியோடு துரைராஜ் வந்தார். போஸ்ட்கார்டு அளவில் போட்டுக் கொடுத்தேன்.

"இன்னா சம்பந்தி, கழுத்து நல்லாத்தானே கீது?" என்றார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒருவேள போட்டோல வுழலியோ?" பெற்ற மனசு.

அப்போதுதான் சொன்னேன். "எட்டு மெகாபிக்சல் சம்பந்தி. தலைமுடியை எண்ணலாம். இருந்தா விழாமலா போவும்?"

வாசல் போர்டை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப பொய்தான் சொல்லிகினு கீறா. என் மூஞ்சில முழிக்கவாணாம்னு சொல்லிடுங்க." தொட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டார். வீடு கடைக்குப் பின்னால்தான். அவள் கதவுக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த முறை தசரதன் கையை எடுக்கச் சற்றுத் தாமதித்துவிட்டான். தூக்கு மாட்டிக்கொண்டாள் என்று சொன்னோம். புடவையை முடிச்சுப் போட்டவள் நான். அவனுக்கு அது வரவில்லை.

மாலை போடுவதற்கு அந்தப் படத்தையே பெரிதாக்கினேன். வேறு எதிலும் அவள் அத்தனை நேராக நம்மைப் பார்க்கவில்லை. அதில்தான் பிசகினேன். காதுக்குக் கீழே அவளுக்குக் கடுகளவு மச்சம் உண்டு. தோலோடு அதுவும் வந்துவிட்டது. சின்னப் பிரிண்டில் தெரியவில்லை. பெரிதாக்கியதும் கழுத்தில் வரிசையாக, விரலுக்கு ஒன்றாக, ஐந்து மச்சம். துரைராஜ் படத்தின் முன்னாலேயே நின்றார். "என் பொண்ணுக்கு ஏது இத்தினி மச்சம்?" என்று கேட்டுவிட்டு நேரே உங்களிடம் வந்திருக்கிறார்.

எழுதிக்கொள்ளுங்கள் அம்மா. மறைத்தது நான், தெரிந்தே மறைத்தேன். முடிச்சுப் போட்டதும் நான்தான். அதற்கெல்லாம் ஒரு தாய்க்குக் காரணம் இருக்கும், உங்களுக்குப் புரியும். ஆனால் மெகாபிக்சல் விஷயத்தில் அந்த மனிதரிடம் பொய் சொன்னேனே, அது ஒன்றுதான் தூங்கவிடமாட்டேன் என்கிறது.