கழுதைப் பாதையின் மூன்று குறிகள்

பெயர் நொயேலி வெய்சாத். வயது எழுபத்தொன்பது. காலஞ்சென்ற பசீல் வெய்சாத்தின் மனைவி. தொழில் ஆடு வளர்ப்பு. இருப்பிடம் தூர்பி ஆற்றுக்கு மேலே, சுண்ணாம்புக்கல் மேட்டில் உள்ள லா வெர்னெத் பண்ணை. படிப்பு, கன்னியாஸ்திரிகளின் பள்ளியில் சில வருடம்; எழுத்துக் கூட்டி வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன். 2019 செப்டம்பர் மாதம் காவல் நிலையத்தில் ஆஜராகி, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், சொல்ல வேண்டாம் என்று என் வழக்கறிஞர் தடுத்ததையும் மீறி நான் கொடுக்கும் வாக்குமூலம்:

நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மேற்படி பண்ணையில் வசித்து வருகிறேன். இப்போது என் பேத்தி கபூசினும் நானும் ஆடுகளைப் பார்த்துக்கொள்கிறோம். மார்சலென் வெய்சாத் என் கணவரின் கூடப் பிறந்த தம்பி. இளவயதிலேயே துலூஸ் நகரத்துக்கு வேலைக்குப் போய், ஓய்வு பெற்றபின் திரும்பி வந்து, எங்கள் பண்ணைக்குக் கீழே தன் பாகத்துக்கு வந்த வீட்டில் நடைப்பயணிகளுக்கான விடுதி நடத்தி வருகிறான். பாகம் பிரித்த வருடம் என் ஆட்டுக் கொட்டகையின் கூரைக் கற்களைப் பிரித்து ஏற்றிக்கொண்டு போய்த் தன் வீட்டுக்கு வேய்ந்துகொண்டவன் அவன். என் கணவரின் சவப்பெட்டியைத் தூக்க ஆள் குறைந்தபோது இடுப்பு வலி என்று நின்றவன், அதே வாரம் விடுதிக்கு வந்த குளிர்பெட்டியைத் தோளில் வைத்து இறக்கியதை என் கண்ணால் பார்த்தேன். இதெல்லாம் வழக்குக்குத் தேவையில்லை என்று அதிகாரி சொன்னார். தேவை என்று நான் சொன்னதால் எழுதப்பட்டது.

நடைப்பாதை முன்பு மேட்டின் மறுபக்கமாகத்தான் போனது. பாறையிலும் மரத்திலும் மேலே வெள்ளை, கீழே சிவப்பு என்று இரண்டு கோடு பூசியிருக்கும், வருகிறவர்கள் அதைப் பார்த்து நடப்பார்கள், இரண்டு கோடும் குறுக்காக வெட்டிக்கொண்டால் அந்தப் பக்கம் போகக் கூடாது. மார்சலென் பாதைச் சங்கத்தில் குறி பூசுகிறவனாகச் சேர்ந்துகொண்டு, குடும்ப நிலம்தான் என்று ஊர் மன்றத்தில் சொல்லி, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் மேய்ச்சல் நிலத்தின் நடுவே பாதையைத் திருப்பினான். பயணிகள் அவன் விடுதிக்கு வர அது சுருக்கு வழி.

அந்த நிலத்தின் கோடியில் ஒரு மரக்கதவு உண்டு. அதற்கு அந்தப் பக்கம்தான் கல் பாவிய குட்டை. எங்கள் மேட்டில் பெய்கிற மழையெல்லாம் பாறை வெடிப்பில் இறங்கிப் பள்ளத்தாக்குக்குப் போய்விடும், அந்த நிலத்தில் மேய்கிற ஆடுகளுக்கு அந்தக் குட்டையை விட்டால் வேறு தண்ணீர் கிடையாது. ஆகையால் கோடை முழுதும் கதவைத் திறந்து, கல் அண்டக் கொடுத்து வைத்திருப்போம். ஜூலை மாதம் மார்சலென் அந்தக் கதவில் "ஆடுகள் மேய்கின்றன, கதவை மூடிவிட்டுச் செல்லவும்" என்று ஒரு பலகை மாட்டினான். நான் அதைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன்.

"மார்சலென், அது மூடுற கதவு இல்லடா. ஆடு தண்ணிக்குப் போற வழி."

"அண்ணி, உலகம் பூரா கதவ மூடிட்டுப் போன்னுதான் எழுதி வைக்கிறான். நீங்க ஒருத்தர்தான் தொறந்து போடச் சொல்றீங்க."

"உலகத்துல ஆறு ஓடுது. இங்க மேல எங்க ஓடுது, காட்டு பாப்போம்."

"வர்றவங்க படிச்சவங்க. தொறந்து கெடந்தா நம்மள என்ன நெனப்பாங்க?"

அதன் பிறகு அவன் அதே பலகையைத் திருகாணி போட்டு மாட்டினான். நான் கழற்ற முயன்று, கைக்கு வராமல், அதன் மேல் சாணியை அப்பிவிட்டு வந்தேன். யாரோ அதை நல்ல மனதோடு துடைத்து வைத்தார்கள்.

ஆகஸ்டில் கடும் வெயில் அடித்த நாட்களில் கபூசின் தூரத்து வயலில் வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தாள், எனக்கு முழங்கால் வீங்கிப் படுக்கையில் இருந்தேன். அந்தச் சமயத்தில் யாரோ ஒரு பயணி பலகையை வாசித்து, கல்லை நகர்த்தி, கதவை மூடித் தாழும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. சொன்னதைச் செய்தார். கபூசின் போய்ப் பார்த்தபோது பெட்டைகள் எல்லாம் கதவோடு கதவாக நெருக்கியடித்துக் கிடந்திருக்கின்றன. தண்ணீர் வாசனை அடித்திருக்கிறது அல்லவா. அடியில் கிடந்தவை நசுங்கியும் மற்றவை நாக்கு கறுத்தும் செத்திருந்தன. முதல் ஈற்றுக்கு என்று மந்தையிலிருந்து பிரித்து அந்த நிலத்தில் நாங்கள் விட்டிருந்த பதினொரு பெட்டைகள். கதவின் கீழ்க் கட்டையை அவை கடித்துத் தின்றிருந்தன.

அதன் பிறகு நான் ஊன்றுகோலோடு மார்சலென் வீட்டுக்குப் போனேன். அவன் வாசலில் மேசை போட்டுப் பயணிகளுக்குச் சூப் ஊற்றிக்கொண்டிருந்தான். நான் விஷயத்தைச் சொன்னேன். "இன்னும் முந்நூறு இருக்குல்ல அண்ணி, உக்காருங்க, ஒரு வாய் சூப் குடிங்க" என்றான். மேசையில் இருந்தவர்கள் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். நான் உட்காரவில்லை.

அதன் பிறகு நான் செய்ததை ஒப்புக்கொள்கிறேன். மேய்ச்சல் நிலத்தின் வாயிலை முள்கம்பி போட்டு மூடி, காவல் நாயை அங்கே விட்டேன். பாதை பிரிகிற கல் சிலுவை அடியில், என் நிலத்துப் பக்கம் போகக் கூடாது என்று குறுக்குக் கோடு பூசினேன். ஆட்டுக்கு அடையாளம் போடும் சிவப்புச் சாயமும் வெள்ளைச் சாயமும் என்னிடம் உண்டு. அவற்றைக் கொண்டு மார்சலென் வீட்டுப் பின்பக்கம் வரை ஒழுங்காகக் குறி பூசிக்கொண்டே போய், அவன் காய்கறித் தோட்டம், துணிக்கொடி, கடைசியாகச் சமையலறைக் கதவின் பக்கச் சுவர் என்று முடித்தேன். சாய டப்பாக்களையும் தூரிகையையும் சிலுவைக்குப் பக்கத்துக் கல் சுவர் பொந்தில் வைத்தேன். அவன் அழித்தால் மறுபடி பூசலாம் என்று அங்கேயே வைத்தேன்.

பயணிகள் மனிதன் பேச்சை நம்ப மாட்டார்கள், குறியைத்தான் நம்புவார்கள். அவன் கொத்தமல்லிப் பாத்தியையும் கீரைப் பாத்தியையும் மிதித்து வரிசையாகப் போனார்கள். அவன் பனியனோடு முகம் மழித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பதி சமையலறைக்குள் வந்து, மறு வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டார்களாம். "வழி இது இல்ல" என்று கத்தியவனுக்கு அவன் சுவரையே காட்டினார்களாம். சந்தையில் பாலாடைக்கட்டி விற்கிற இடத்தில், "மார்சலென் அடுப்படி இப்ப ராஜபாட்டை ஆயிட்டு, போறவங்க போய்ட்டு வாங்க" என்று நான் எல்லோர் காதிலும் விழும்படிச் சொன்னேன். சொன்னதை மறுக்கவில்லை. இப்போது என் மேல் சாட்சி சொல்கிறவர்கள் எல்லோரும் அன்று சிரித்தவர்கள்.

கல் சிலுவையிலிருந்து மூன்று வழிகள்தான் உண்டு. என் நிலம் மூடியாகிவிட்டது, தன் முற்றம் அவனுக்கு வேண்டாம், மிச்சம் இருந்தது பாறை விளிம்பைப் பிடித்து ஆற்றுக்கு இறங்குகிற பழைய கழுதைப் பாதை. போன வருடத்துக்கு முந்தின வசந்த மழையில் அந்தப் பாதை நடுவில் சரிந்துவிட்டது. மேலே நின்று பார்த்தால் தெரியாது, புதர்ச் செடி மூடியிருக்கிறது. ஆடு மேய்க்கிற எங்களுக்குத் தெரியும். மார்சலென் சிறுவனாக நடந்ததோடு சரி.

செப்டம்பர் முதல் வாரம், பெல்ஜியத்திலிருந்து வந்த ஹில்டே என்ற அம்மாள் அந்தச் சரிவில் விழுந்தார். தபால் கொடுக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் நாய் குரைத்துத்தான் கண்டுபிடித்தோம். கபூசின் கயிற்றைப் பிடித்து இறங்கித் தண்ணீர் கொடுத்தாள். நான் மேலிருந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். "குறி இருந்துச்சும்மா, நான் தப்பா வரல" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். இடுப்பு எலும்பு நொறுங்கிவிட்டது, இனி ஊன்றுகோல் இல்லாமல் நடப்பது சந்தேகம் என்று மருத்துவமனையில் சொல்கிறார்கள்.

கழுதைப் பாதையின் ஆரம்பத்தில் இருந்த மூன்று குறிகளும் என் சாயத்தால் பூசியவை என்று அதிகாரி தெரிவித்தார். உண்மை. அவற்றையும் நான்தான் பூசினேன் என்றும், தான் தூரிகையைத் தொடவே இல்லை என்றும் மார்சலென் எழுதிக் கொடுத்திருப்பதை வாசித்துக் காட்டினார். பொய்.

காவல் நிலையத்துக்கு வருமுன் கபூசின் வண்டியை நிறுத்திவிட்டு என்னிடம் சொன்னாள். "பாட்டி, நீங்க பூசலைன்னு மட்டும் சொல்லிட்டு வாய மூடிக்கோங்க. யாரு பூசினாங்கன்னு அவங்களால நிரூபிக்க முடியாதுன்னு வக்கீல் சொல்றாரு. ரெண்டு பேரையும் விட்டுருவாங்க."

"அவனையுமா?"

"அவரையும்தான். அதனால என்ன? நீங்க உள்ள போனா நான் ஒத்தையா என்ன செய்வேன்?"

அவள் சொன்னது சரி. ஆனாலும் சொல்கிறேன்.

அந்த அம்மாள் விழுவதற்கு இரண்டு நாள் முன்பு, காலையில், நான் சிலுவைக்கு மேலே உள்ள பாறையில் ஆடுகளோடு உட்கார்ந்திருந்தேன். மார்சலென் வந்தான். பொந்தில் கையை விட்டு என் டப்பாக்களை எடுத்துத் திறந்து பார்த்தான். சிரித்தான். அதன் பிறகு கழுதைப் பாதையின் தலைப்பில் ஒரு பாறையிலும், ஓக் மரத்திலும், அடுத்த வளைவில் ஒரு கல்லிலும் குறி பூசினான். நான் இருப்பதை அவன் பார்க்கவில்லை. வேறு யாரும் அங்கே இல்லை. ஆகவே அவன் பூசியதற்கு என்னைத் தவிர சாட்சி கிடையாது.

பாதை சரிந்திருப்பது அப்போது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டதற்குத் தெரியும் என்கிறேன். கூப்பிட்டால் அவன் காதில் விழுமா என்று கேட்டதற்கு, நான் நாயைக் கூப்பிட்டால் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் கேட்கும் என்கிறேன். ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டதற்குச் சொல்வதாவது: குறி பூசுகிறவன் பூசிக்கொண்டே வழி முழுதும் நடக்க வேண்டும். அதுதான் முறை. நடக்காத வழிக்கு யாரும் குறி பூச மாட்டார்கள், என் கணவர் காலத்தில் பூசினவர்கள் பனியிலும் நடந்தார்கள். இவனும் நடப்பான், இன்னும் நான்கு வளைவு போனால் சரிவு வரும், போகட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் விழட்டும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் மூன்றாவது குறியோடு கையைப் புல்லில் துடைத்துக்கொண்டு, டப்பாவைப் பொந்தில் வைத்துவிட்டு, சூப் வைக்க வீட்டுக்குத் திரும்பிவிட்டான்.

அவன் போன பிறகு இறங்கி வந்து குறியை அழித்திருக்கலாமே என்று கேட்டதற்கு, அழித்திருக்கலாம் என்கிறேன். மிச்ச வழிக்குக் குறி போட நாளைக்கு வருவான் என்று நினைத்தேன். மறுநாளும் அதே பாறையில் போய் உட்கார்ந்தேன். அவன் வரவில்லை. வேறு யாராவது அந்த வழியே வரக்கூடும் என்று தோன்றவில்லையா என்று கேட்டதற்கு, அவனைத் தவிர வேறு யாரையும் நான் நினைக்கவில்லை என்கிறேன். இதைச் சொன்னால் உங்கள் பேரிலும் வழக்கு வரும் என்று அதிகாரி எனக்கு விளக்கினார். விளங்கியது. அவன் பேரை முதலில் எழுதச் சொன்னேன்.

மேலே கண்டது எனக்கு நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டப்பட்டது. "அவன் விழட்டும் என்று" என வருகிற இடத்தை "அவன் வழியைப் பார்த்துவரட்டும் என்று" என மாற்றிக்கொள்ள விருப்பமா என்று அதிகாரி கேட்டார். விருப்பமில்லை. நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, நடந்ததும் அதுதான்.

(ஒப்பம்) நொயேலி வெய்சாத்