கோஸ்தெல்ஸ்கி வீட்டுக்கு விருந்தாளி வந்த கதை

இரண்டு பேருக்காக ஒரு முழு வாத்தை வறுப்பதைப் போல மனசைச் சோர்வாக்குகிற காரியம் வேறு கிடையாது, நீதிபதி ஐயா. நெஞ்சுப் பகுதியும் ஒரு காலும் தீர்ந்தால் பெரிய விஷயம். மறுநாள் ஆறிப்போன வாத்து, அதற்கும் மறுநாள் வாத்து சூப். உங்கள் வீட்டில் பிள்ளைகள் நிறைய என்று கேள்விப்பட்டேன். இந்தக் கஷ்டம் உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

எங்கள் சாப்பாட்டு மேசை வால்நட் மரத்தில் செய்தது. முப்பது பேர் தாராளமாக உட்காரலாம். அதன் ஒரு முனையில் நானும் என் தங்கை ரெசிக்காவும் உட்கார்ந்துகொண்டு, மிச்ச நீளத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவோம். அப்பாவும் சித்தப்பாவும் அத்தையும் இருந்த வரைக்கும் ஐந்து பேர். அதுவும் அந்த மேசைக்குக் கூட்டமில்லை.

காரணம் உங்களுக்குத் தெரியும். இந்த மாவட்டத்தில் தெரியாதவர் யார்? பஞ்ச வருடத்தில் ஜனங்களுக்குக் கொடுக்கச் சொல்லி வியன்னாவிலிருந்து சர்க்கார் அனுப்பிய கோதுமையை என் தாத்தா சாராயமாகக் காய்ச்சிவிட்டார். ரொட்டி சாப்பிட்டால் ஒரு வேளைப் பசிதான் அடங்கும், சாராயம் குடித்தால் பசி என்கிற ஞாபகமே வராது என்பது அவருடைய வாதம். விசாரணையில் அது எடுபடவில்லை. பிரபு பட்டம் போயிற்று. எங்கள் வாசல் வளைவில் இருந்த கரடிச் சின்னத்தை ஒரு கல்தச்சன் வந்து கொத்தி எடுத்தான். குடிகாரனோ என்னவோ, பின்னங்கால் ஒன்றை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டான். அந்த ஒற்றைக்கால் இன்றைக்கும் இருக்கிறது. ஜனங்கள் எங்களைக் கோஸ்தெல்ஸ்கி பிரபு என்று கூப்பிடுவதை நிறுத்தவில்லை. கூப்பிட்டுவிட்டுச் சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னால் பொறுக்க முடியாமல் போனது 'பிலிக்கும்' என்கிற எங்கள் வரவேற்புக் கிண்ணத்தின் நிலைமைதான். உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும். முதல்முறையாக வருகிற விருந்தாளி அது நிறைய ஒயினை ஒரே மூச்சில் குடித்து முடித்தால் அன்று முதல் அவர் வீட்டு மனிதர். எங்கள் கிண்ணத்தில் தாத்தா காலத்துக்குப் பிறகு ஒருவர் உதடும் படவில்லை. அழைப்பு அனுப்பினால் ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்குக் குதிரைக்கு லாடம் போய்விட்டது, இன்னொருவருக்கு எந்த வருடமும் அதே நாளில் பல்வலி. ரெசிக்கா அந்தக் கிண்ணத்தில் பூ வைப்பாள். நான் எடுத்துக் கொட்டுவேன்.

பிறகு அப்பா செத்துப்போனார். வயதாகி, படுக்கையில், பாதிரியார் கையைப் பிடித்துக்கொண்டு போனார். அதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. எழுத்தர் அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளட்டும்.

அடக்கத்தன்று மலைப்பாதை முழுக்க வண்டிகள். எனக்கு முதலில் விளங்கவில்லை. கல்யாணத்துக்குப் பல்வலி என்று சொல்லிவிடலாம், துக்க வீட்டுக்கு அப்படிச் சொல்ல முடியாது. வராவிட்டால் செத்தவர் ஆவி வாசல் கதவைத் தட்டும் என்று இங்கே வக்கீலுக்குப் படித்தவர்களும் பயப்படுவார்கள். எல்லோரும் வந்தார்கள். அடக்கம் முடிந்து போடுகிற கார்மினே விருந்துக்கு உட்கார்ந்தார்கள். முப்பது நாற்காலி போதாமல் சமையலறையிலிருந்து பெஞ்சு கொண்டுவந்தோம். எங்கள் சமையல்காரி யால்ஷா வால்நட் ரொட்டியை வெட்டி மாளாமல் கை ஓய்ந்து போனாள்.

பக்கத்துத் திராட்சைத் தோட்டத்துச் சீமான் இம்ப்ரெக் ஒயினை வாயில் வைத்து உருட்டிவிட்டு என் முதுகில் தட்டினார்.

"தம்பி, உங்க வீட்டு ஒயினு இவ்ளோ நல்லாருக்கும்னு தெரியாமப் போச்சே. தெரிஞ்சிருந்தா உங்கப்பாவ இன்னும் கொஞ்சம் முன்னாடியே போகச் சொல்லியிருப்பேனே."

எல்லோரும் சிரித்தார்கள். நான் அழுதுவிட்டேன். அப்பாவுக்காக அழுகிறேன் என்று நினைத்து இம்ப்ரெக் தன் கைக்குட்டையைக் கொடுத்தார். அது சந்தோஷத்தில் வந்த அழுகை, ஐயா. பிறந்ததிலிருந்து நான் அந்த மேசையின் அடுத்த முனையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தத்தைக் கேட்டதேயில்லை.

வராதவர் ஒருவர்தான். ஓட்டோன் யெலென்ஸ்கி. என் தாத்தா மேல் மாவட்ட சபையில் முதல் குற்றச்சாட்டை வைத்தது அவருடைய தாத்தா. ஓட்டோன் அப்போது பட்டாளத்தோடு இத்தாலியில் இருந்தார். மற்றவர்கள் வந்தது துக்கத்துக்கு. யெலென்ஸ்கி வந்து அந்தக் கிண்ணத்தைக் குடித்தால்தான் எங்கள் மேல் விழுந்த கறை போகும். இதை நான் அன்று மாலையே ரெசிக்காவிடம் சொன்னேன்.

"அதுக்கு இன்னொரு சாவு வேணுமேண்ணா" என்றாள், தட்டுகளை அடுக்கிக்கொண்டே.

அவள் விளையாட்டுக்குத்தான் சொன்னாள். அவள் பேச்சு எப்போதும் அப்படித்தான்.

யெலென்ஸ்கி ஊர் திரும்பிய வருடம் திராட்சை நன்றாக விளைந்திருந்தது. பிழிந்த சாறு பீப்பாயில் புளித்துப் பொங்கும் நாட்களில் நிலவறையில் கெட்ட காற்று தரையோடு தேங்கும். மெழுகுவர்த்தியை முன்னால் நீட்டிக்கொண்டு இறங்க வேண்டும், சுடர் அணைந்தால் திரும்பிவிட வேண்டும். இது எங்கள் பக்கத்துக் குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் வருடத்துக்கு ஒருவராவது போய்ச் சேருவது சகஜம், ஏனென்றால் புதுச் சாற்றின் மேல் ஆசை அப்படி. பால்தசார் சித்தப்பாவுக்கு அந்த ஆசை கொஞ்சம் அதிகம்.

"மெழுகுவர்த்தி எங்கடா?" என்றார்.

"தீந்துபோச்சு சித்தப்பா. யால்ஷாவ எடுத்துட்டு வரச் சொல்றேன், இருங்க."

"அவ ஆடி அசைஞ்சு வர்றதுக்குள்ள பொழுது போயிரும். ஒரு வாய்தானடா."

"உங்க இஷ்டம்."

நான் சொன்னது இவ்வளவுதான். யால்ஷாவை நான் கூப்பிடவில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். சித்தப்பா முகத்தில் சிரிப்போடு கிடந்தார்.

துக்கம் நன்றாக நடந்தது. யெலென்ஸ்கி தன் காரியஸ்தரை ஒரு பெரிய மெழுகுவர்த்தியோடு அனுப்பியிருந்தார். சித்தப்பாவுக்கு அதை முன்பே அனுப்பியிருக்கலாம் என்று ரெசிக்கா என் காதில் சொன்னாள். எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது.

ஃபெமியா அத்தைக்கு நெஞ்சுச் சளி. குளிர்காலத்தில் வெளியே போகக்கூடாது என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அத்தைக்கோ பிஸ்த்ரிட்சா மாதா கோவிலுக்குப் போயே தீர வேண்டும். ஒரு கிழவியின் பக்திக்குக் குறுக்கே நிற்க நான் யார்? பனிச்சறுக்கு வண்டியைப் பூட்டி நானே ஓட்டிப் போனேன். கரடித்தோல் போர்வையை மட்டும் வைக்க மறந்துவிட்டேன். வழியில் இரண்டு இடத்தில் திரும்பிவிடலாமா என்று கேட்டாள், "மாதா காத்துட்டு இருப்பாங்க அத்தை" என்று நான்தான் உற்சாகப்படுத்தினேன். அந்த வாரமே போய்விட்டாள்.

அவளுடைய விருந்துக்கு யெலென்ஸ்கியின் அம்மாவே வந்தாள். வால்நட் ரொட்டியை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மகனுக்குக் காலில் வீக்கம் என்றாள். என் கணக்கு சரியாகிக்கொண்டு வந்தது, ஐயா. சித்தப்பாவுக்குக் காரியஸ்தர், அத்தைக்கு அம்மா. அடுத்த படியில் அவரேதான்.

விருந்து முடிந்து எல்லோரும் போன பிறகு ரெசிக்கா அந்த நீள மேசையில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணா, கவனிச்சியா? நம்ம வீட்ல ஆளு குறையக் குறைய விருந்தாளி கூடிக்கிட்டே வர்றாங்க."

"கவனிச்சேன்."

"இன்னும் ரெண்டு பேருதான் பாக்கி. சீட்டுப் போட்டுப் பாப்பமா?"

"உனக்கு எப்பவும் கிண்டல்."

"பின்ன, அழச் சொல்றியா? நீதான் ஊருக்கே சேத்து அழுவுறியே."

அவள் அப்படிச் சிரிக்கும்போது எனக்கு அவள் மேல் பாசம் பொங்கிவிடும். இதை நீங்கள் நம்ப மாட்டீர்கள். அம்மா போன பிறகு அவளுக்குத் தலை வாரிவிட்டது நான்தான். அந்த வருடம் முழுக்க நான் யோசித்தேன். நான் செத்தால் யெலென்ஸ்கி வருவார், சந்தேகமில்லை. ஆனால் கிண்ணத்தை எடுத்து நீட்ட வீட்டுத் தலைவன் வேண்டுமே. பெண்கள் நீட்டினால் செல்லாது. சம்பிரதாயம் என் கையைக் கட்டிப்போட்டுவிட்டது.

அடுத்த இலையுதிர்காலத்தில் மழையால் திராட்சைப் பறிப்பு தாமதமாயிற்று. புது ஒயினை ஆசீர்வதித்து வாத்து சாப்பிடுகிற மார்ட்டின் திருநாளுக்குப் பத்து நாள்கூட இல்லாதபோதும் சாறு பொங்கிக்கொண்டிருந்தது. ரெசிக்கா அப்போது கொஞ்சம் வேறு மாதிரி இருந்தாள். பாட்டு, புது ரிப்பன், சமையலறையில் யால்ஷாவோடு ஓயாத குசுகுசு. திருநாளுக்கு வாத்து இரண்டாக வறுக்கச் சொல்லட்டுமா என்று என்னைக் கேட்டாள். யாருக்கு என்றேன். "உனக்குத்தான், பெருந்தீனி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நல்ல சாறு இறங்கிய சந்தோஷம் என்று நினைத்தேன்.

சிரமம் என்னவென்றால், நிலவறையை அவளைவிட நன்றாக அறிந்தவர் வீட்டில் யாரும் கிடையாது. மெழுகுவர்த்தி இல்லாமல் ஒரு படி இறங்க மாட்டாள். அவளை யோசிக்க விடாமல் இறங்கச் செய்ய ஒரே வழிதான் இருந்தது. ஷார்க்கோ என்று அவளுக்கு ஒரு குட்டி நாய். அதன் மேல் உயிரையே வைத்திருந்தாள்.

முன்பெல்லாம் நான் எதையாவது செய்யாமல் விட்டேன், அவ்வளவுதான். இந்த ஒரு தடவைதான் கையால் ஒரு காரியம் செய்தேன். நாயைத் தூக்கிக்கொண்டு போய்க் கீழே விட்டேன். அப்போதுதான் யால்ஷா ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். பிறகு ரெசிக்காவிடம், ஷார்க்கோ நிலவறைக்குள் ஓடிவிட்டது, சத்தமே காணோம் என்றேன். கையில் மாவோடு ஓடினாள். நான் பின்னாலேயே போனேன். என் கையில் மெழுகுவர்த்தி இருந்தது, மூன்றாவது படியில் அணைந்தது. நான் நின்றுவிட்டேன். அவள் பெயரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டேன்.

நாயை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அதற்கு ஒன்றும் தெரியாது.

யெலென்ஸ்கி முதல் ஆளாக வந்தார். வண்டியில்கூட இல்லை, தனியாகக் குதிரையில், கோவில் மணி அடிப்பதற்கு முன்பே. அவ்வளவு உயரமான மனிதர் என்று எனக்குத் தெரியாது. விருந்தில் என் வலது பக்கத்தில் உட்காரவைத்தேன். எதையும் தொடவில்லை. நான் கிண்ணத்தை நிரப்பி எழுந்து நின்றேன். இம்ப்ரெக்கூட மெல்லுவதை நிறுத்தினார்.

யெலென்ஸ்கி கிண்ணத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"இது என்னன்னு எனக்குத் தெரியும். அவ சொல்லியிருக்கா" என்றார். "மார்ட்டின் நாளுக்கு நானே வர்றதா இருந்தேன். அம்மாவையும் கூட்டிக்கிட்டு. உங்ககிட்ட அவளப் பொண்ணு கேக்க. முன்கூட்டியே ஒரு வார்த்த சொல்லிரட்டுமான்னு கேட்டேன். வேணாம், அண்ணன் வாயடைச்சு நிக்கிறத நான் பாக்கணும்னுட்டா. வந்ததும் மொத வேலையா இந்தக் கிண்ணத்தக் குடிச்சிருங்க, அவனுக்கு உசுரே இதுலதான் இருக்குன்னு சொன்னா."

அப்புறம் மூச்சு விடாமல் குடித்தார். ஒரு சொட்டு மிச்சமில்லை. கிண்ணத்தை மெல்ல வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார். சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. யால்ஷா ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் நேராக உங்களிடம்தான் ஓடிவந்திருக்கிறாள்.

ஆகவே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். சித்தப்பா, அத்தை, ரெசிக்கா, மூன்று பேரையும் கொன்றது நான்தான். எதையும் மறுக்கப்போவதில்லை. ஆனால் ஒரு வாரம் பொறுத்திருந்தால் யெலென்ஸ்கி தானாகவே வந்திருப்பாரே, எல்லாம் வீணாகிவிட்டதே என்று நீங்கள் என்னைப் பார்க்கிறீர்களே, அதுதான் எனக்கு ஒப்பவில்லை. இங்கே காவலில் இருந்த இந்த மூன்று இரவும் நான் அதை நன்றாக யோசித்துவிட்டேன். கல்யாணத்துக்கு வந்திருந்தால் அவர் அவளுக்காக வந்திருப்பார், ஐயா. துக்கத்துக்கு வந்தது எனக்காக.