பூச்சியின் வாயும் பூக்கட்டும் வாயும்

இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் காரியம், பூக்காரி வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்த மல்லிகைச் சரத்தைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் மூன்று வாளித் தண்ணீர் இறைத்துக் கழுவியது. கழுவிய பிறகும் அதைத் தலையில் வைக்கத் துணிவு வரவில்லை.

அவைக்குத் தலைமை தாங்கும் அன்புக்குரிய ஷரீஃபா அம்மையார் அவர்களே! எங்கள் மாதர் சங்கத்தின் இந்த ஆண்டு விழாவுக்குப் பந்தலும் ஒலிபெருக்கியும் தந்து, மேடையிலும் அமர்ந்திருக்கும் உரக்கடை சேக் பரீது அவர்களே! எரியோட்டிலிருந்தும் அகரத்திலிருந்தும் வண்டி கட்டி வந்திருக்கும் பெரியோர்களே! உழைத்துக் களைத்தும் உட்கார்ந்து கேட்க வந்திருக்கும் நாகல் நகர்த் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும், அஞ்சி அஞ்சிப் பேச வந்திருக்கும் இந்த ஆசிரியையின் வணக்கம்.

மேடை ஏறும்போதே தலைவர் அம்மையார் என் காதருகே கேட்டார்கள்: "என்ன டீச்சர், விழாவும் அதுவுமா பூ வைக்காம வந்திருக்கீக?" அம்மையார் அவர்களே, அதற்கான பதில்தான் என் பேச்சு முழுவதும்.

'விஞ்ஞானமும் விவசாயியும்' என்ற தலைப்பைத் தந்திருக்கிறார்கள். நான் விஞ்ஞானத்தை வைவதற்கு வந்தவள் அல்ல. ரசாயனம் படித்துப் பட்டம் பெற்றவள். இருபது ஆண்டுகளாக உங்கள் பெண்களுக்கு அதையே கற்பிக்கிறவள். போன ஆண்டு ஒரு கம்பெனியின் அதிகாரி எங்கள் பள்ளிக்கு வந்தார். மல்லிகை மொட்டைத் துளைக்கும் புழுவைக் கொல்லப் புதிய மருந்து செய்திருக்கிறோம், அதற்கான ஆங்கிலக் குறிப்பைத் தமிழாக்கித் தர வேண்டும் என்றார். பெருமை தாங்கவில்லை எனக்கு. அன்று மாலையே உட்கார்ந்து எழுதினேன்.

அந்தக் குறிப்பில் ஓர் எச்சரிக்கை இருந்தது: 'வாய்க்குப் போகும் எந்தப் பயிரிலும் மருந்து தெளித்து ஏழு நாள் கழியாமல் கை வைக்காதே.' நான் கேட்டேன், "பூவுக்கும் ஏழு நாள் உண்டா சார்?" அவர் சிரித்தார். "பூவை யாரு டீச்சர் திங்கிறா?" என்றார். நானும் சிரித்தேன். 'பூச்செடிக்கு இந்தத் தடை இல்லை' என்று என் பேனாவால், என் கையெழுத்தில், அழகான தமிழில் எழுதிக் கொடுத்தேன். அது என் பெயரோடு நோட்டீசாக அச்சாகி வந்தது.

தாய்மார்களே! பூவை யாரும் தின்பதில்லை. ஆனால் பூவை எப்படிக் கட்டுகிறோம்?

(அதோ, நான்காவது வரிசையில் ஓர் அம்மாள் எழுந்தே விட்டார்கள். சொல்லுங்கள் அம்மா, உரக்கச் சொல்லுங்கள். "நாரைப் பல்லுல கடிச்சுத்தான் கிழிப்போம் டீச்சர்! பெறகு எதுல கிழிக்கிறது, அருவாள்லயா?" சிரியுங்கள், சிரியுங்கள். ஓராண்டுக்கு முன்னால் இந்த அம்மாள் என் பக்கத்தில் இருந்திருக்கக் கூடாதா?)

மொட்டை நனைக்கிற தண்ணீர்ச் சட்டியில்தான் வாழைநாரும் ஊறுகிறது. ஊறிய நாரை எடுத்து, முனையைப் பல்லில் கடித்து, இழை இழையாகக் கிழிக்கிறோம். ஒரு சரத்துக்கு எத்தனை கடி? ஒரு காலைக்கு எத்தனை சரம்? நேற்று மாலை மருந்தடித்து இன்று விடியுமுன் பறித்த மொட்டு, அதே சட்டித் தண்ணீரில் மிதக்கிறது. இது நமக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து பார்த்தது, நாளும் தலையில் வைத்தது. ஆனால் எழுதும்போது என் நினைவுக்கு வரவில்லை.

அகரத்தில் பழனியம்மாள் என்றொரு பெண். கணவர் ஒச்சப்பனுக்குச் சிறியதொரு மல்லிகைக் கொல்லை. மூன்று வாரத்துக்கு முன் ஒரு காலை, நாற்பதாவது சரம் கட்டும்போது பழனியம்மாளுக்கு வாயில் எச்சில் ஊறி ஊறி வழிந்திருக்கிறது. உடம்பெல்லாம் வேர்வை. "ஏங்க, கண்ணு மங்கலா இருக்குங்க" என்றிருக்கிறாள். "பித்தமாத்தான் இருக்கும், செத்த நேரம் படு, சோடா வாங்கியாரேன்" என்று ஒச்சப்பன் கடைக்கு ஓடியிருக்கிறார். சோடாவோடு திரும்பியபோது அவள் மொட்டுக் குவியலின் மேலேயே சாய்ந்து கிடந்தாள்.

பிழைத்துக்கொண்டாள். மாட்டுவண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து, ஊசி மேல் ஊசி போட்டதில், நான்காம் நாள் கண் விழித்தாள். நான் போய்ப் பார்த்தேன். என்னை அடையாளம் தெரிந்ததும், "நீங்கதானே டீச்சர் அந்த நோட்டீசுல பேர் போட்டிருக்கீக? ஒங்க பேரப் பாத்துத்தான் எங்க வீட்டுக்காரரு பயமில்லனு அடிச்சாரு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. அவள் விரல்கள் இன்னும் நடுங்குகின்றன. ஒரு மொட்டையும் இன்னொரு மொட்டையும் சேர்த்துப் பிடிக்க அவளால் முடியவில்லை.

அதிகாரியிடம் ஓடினேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "மருந்துல குத்தமில்ல டீச்சர். அவுங்க பல்லால நாரைக் கடிச்சா கம்பெனி என்ன பண்ணும்?"

கம்பெனி என்ன பண்ணும்! அவையோரே, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் யார்? கம்பெனிக்காரர்கள் மூன்று மாதம் அந்தப் புழுவை லென்சு வைத்துப் பார்த்தார்கள். அதற்கு எத்தனை கால், எந்த மாதம் முட்டை பொரியும், எந்த நேரம் இரை எடுக்கும், அதன் வாய் எப்படித் திறக்கும் என்று எழுதி எழுதி வைத்தார்கள். பூச்சியின் வாயைப் பார்த்தவர்கள், பூக்கட்டும் பெண்ணின் வாயை ஒரே ஒரு காலை வந்து பார்த்தார்களா? செய்கிறவனுக்கு அறிவு இருந்தால் போதுமா? செய்த பொருள் எந்தக் கைக்குப் போகிறது, எந்த வாய்க்குப் போகிறது, எந்த வீட்டுச் சட்டியில் கரைகிறது என்று கேட்டு அறியும் கடமை யாருடையது? விற்பதற்கு அகரம் வரை வழி தெரிந்தது. விசாரிப்பதற்கு வழி தெரியவில்லையா?

எனக்குப் பயமாக இருக்கிறது. இன்று ஒரு மருந்து. நாளை எத்தனை மருந்து, எத்தனை எந்திரம், எத்தனை புதுமை இந்தச் சமவெளிக்கு வண்டி வண்டியாக வரப் போகிறது! எல்லாம் நன்மைக்கென்றே சொல்லி வரும். ஒவ்வொன்றின் மேலும் என்னைப்போலப் படித்த ஒருத்தியின் பெயர் அச்சாகியிருக்கும். படித்தவள் பெயரை நம்பிப் படிக்காதவள் கடிப்பாள்.

தடையைச் சேர்த்துப் புதிய நோட்டீஸ் அடிக்கும்படி அந்த அதிகாரியிடம் சொன்னேன். "இருக்கிறது தீரட்டும், சித்திரையில் பார்க்கலாம்" என்றார். வரும் புதன்கிழமை இருநூறு டின் மருந்து சேக் பரீது அண்ணன் கடைக்கு வருகிறது. அதே நோட்டீஸ், அதே என் பெயர்.

(அண்ணன் ஏதோ சொல்கிறார்கள். "எனக்கு இது தெரியாதும்மா, சத்தியமாத் தெரியாது." நம்புகிறேன் அண்ணே. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. இப்போது நம் இருவருக்கும் தெரியும். உங்கள் பந்தலில் நின்று இதைச் சொல்வதற்கு என்னை மன்னியுங்கள்.)

பழனியம்மாள் மயங்கியதற்குக் காரணம் இன்னும் எந்தக் காகிதத்திலும் எழுதப்படவில்லை. டாக்டர் என்னிடம் சொன்னார்: "பூவுல மருந்து அடிச்சாங்க, அது எப்படி வாய்க்குப் போச்சுன்னு யாராவது எழுத்துல தரணும்மா. எல்லாரும் வாயால சொல்றாங்க, கையெழுத்துப் போட ஆள் இல்ல." ஒச்சப்பன் அஞ்சுகிறார்; தான் அடித்த மருந்து என்பதால் போலீஸ் தன்னையே பிடிக்கும் என்று. ஊரார் அஞ்சுகிறார்கள். எங்கள் பள்ளியும் அஞ்சுகிறது. ரசாயனக் கூடத்துக்குக் கண்ணாடிக் குடுவைகளும் தராசும் தருவதாக அந்தக் கம்பெனிதான் சொல்லியிருக்கிறது. "கொஞ்ச நாள் பேசாம இருங்க" என்று தலைமையாசிரியை அன்போடுதான் சொன்னார்கள். அன்போடு சொல்லும்போதுதான் எனக்கு அச்சம் இரண்டு மடங்காகிறது.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், பேச விட்ட தலைவர் அம்மையாருக்கும், இடையிடையே எனக்குப் பாடம் சொன்ன தாய்மார்களுக்கும் என் நன்றி. இங்கிருந்து போனதும் உங்கள் வீட்டுப் பூச்சட்டியைத் தனியே வையுங்கள்; நாரைக் கத்தரியால் வெட்டுங்கள்; இதைக் கேட்காத நான்கு பேருக்குச் சொல்லுங்கள். வாழ்க நீங்கள், வணக்கம்.

இறங்குவதற்கு முன் இன்னும் ஒன்று. தலைமையாசிரியைக்குத் தெரியாது, அந்த ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் என் கணவருக்கும் தெரியாது, நிமிர்ந்து பார்க்கிறார், பாவம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நான் பள்ளிக்குப் போகவில்லை. சப் கலெக்டர் அலுவலகத்துக்குப் போகிறேன். நடந்ததை எல்லாம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கப் போகிறேன். அதில் பொறுப்பாளிகள் என்ற இடத்தில் கம்பெனியின் பெயரை இரண்டாவதாக எழுதுவேன். முதலாவதாக என் பெயரை எழுதுவேன்.