மாமரத்தை விட்டு இறங்க மறுத்தது தொடர்பாக

என் பெயர் கஜபதி, வயது 71, தகப்பனார் பெயர் பால்ராஜ். அம்பத்தூரில், எங்கள் நகர் பூங்காவுக்கு எதிர் வீட்டில் குடியிருக்கிறேன். தொழிற்பேட்டையில் முப்பத்தாறு வருடம் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். படித்தது எட்டாம் வகுப்பு. செடிகளைப் பற்றி நூலகத்தில் நானே படித்துத் தெரிந்துகொண்டேன்.

மேற்படி பூங்காவின் மாமரத்தில் மரவாழை என்னும் ஆர்க்கிட் செடி ஒன்று இருக்கிறது. பதினோரு வருடமாகப் பூந்தமல்லி வரை சைக்கிளில் தேடியும் இன்னொன்றை நான் பார்க்கவில்லை. நலச் சங்கச் செயலாளர் தமிழரசு அதைப் புல்லுருவி என்றும், சாற்றை உறிஞ்சி மரத்தைச் சாய்த்துவிடும் என்றும் வனத்துறைக்கு எழுதி, மரத்தை வெட்ட அனுமதி வாங்கினார். அது தவறு என்று சங்கத்துக்கு நான் கொடுத்த நான்கு மனுக்களுக்கும் பதில் இல்லை.

இந்த மாதம் 9ஆம் தேதி காலை ஏழு மணிக்கு ஆட்கள் ரம்பத்துடன் வந்ததைப் பார்த்து, ஏணி வைத்து ஏறி, செடி இருந்த கிளையில் உட்கார்ந்தேன். அதன் பிறகு தமிழரசு வந்து, "யோவ் பெர்சு, எறங்குய்யா. ஒரு புல்லுருவிக்கு இன்னாத்துக்கு இவ்ளோ சீனு?" என்றார். வனத்துறை வந்தால்தான் இறங்குவேன் என்றேன். அதன் பிறகு அவர் ஏணியை எடுத்துவிட்டார். இறங்கும் உத்தேசம் இல்லாததால் எனக்கு அதில் நஷ்டமில்லை.

மரத்தில் இருந்தபடியே நான் போன் செய்ததன் பேரில், பதினொன்றரை மணிக்கு வனத்துறை அலுவலர் ஹேமாவதி வந்தார். புல்லுருவியின் வேர் மரத்துக்குள் இறங்கும், மரவாழையின் வேர் பட்டை மேல் ஒட்டி மட்டும் இருக்கும் என்று சொல்லி, இயந்திரத்தில் இடைவெளி அளக்கும் என் ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை வேருக்கு அடியில் இந்தப் பக்கம் நுழைத்து அந்தப் பக்கம் எடுத்துக் காட்டினேன். மரம் வெட்ட வந்த இளங்கோ பக்கத்துக் கிளைக்கு ஏறிப் பார்த்து, "மேடம், சும்மா ஒட்டிக்கினுதான் கீது. பெரியவரு சொல்றது கரீட்டு!" என்று கத்தினார். அன்று செடியில் ஏழு பூக்கள் இருந்தன.

அதன் பிறகு அலுவலர் ஏணியைக் கொண்டுவரச் சொல்லி, தானே ஏறிப் பார்த்து, அனுமதிக் கடிதத்தின் மேலேயே 'புல்லுருவி அல்ல, மரவாழை, வெட்டக் கூடாது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். அப்போது கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் தமிழரசு.

வேலையைத் தடுத்ததாக அவர் கொடுத்திருக்கும் புகார் உண்மை. தடுத்தேன். இனி மரம் ஏற மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் புகாரை முடித்துக்கொள்ளலாம் என்று இங்கே காவல் நிலையத்தில் சொன்னார்கள். எழுதித் தர மாட்டேன். மரவாழையின் காய் முற்றியதும் விதை எடுத்துத் தரும்படி வனத்துறை என்னிடம் கேட்டிருக்கிறது. அதற்கு நான் ஏறியாக வேண்டும்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) பா. கஜபதி