ஒன்பதாவது கட்டம்

— கவர்மெண்டு பாரத்துல இந்த ஒம்பதாவது கட்டத்துல இன்னாம்மா அடிச்சு வெச்சிக்கிறே, மேரிம்மா?

— உண்மையத்தான் சார். மார்க் வரிசைய மீறி சீட்டு குடுத்திருந்தா காரணம் எழுதணும்னு கேட்டிருக்காங்க. எழுதிட்டேன்.

— "தாளாளர் துளசிங்கம் அவர்களின் வாய்மொழி உத்தரவு." பதினாலு எடத்துல எம்பேரு கீது. விரல் வெச்சு எண்ணிட்டுதான் வரேன்.

— பதினாலு பேருக்குத்தானே சார் சொன்னீங்க.

— சொன்னா? அத்த அப்பிடியே கவர்மெண்டுக்கு எழுதிடுவியா? ஒரு கோடு இழுத்துட்டு கம்முனு அனுப்ப வேண்டிதானே.

— போன வருஷம் வரைக்கும் கோடுதான் சார் இழுத்தேன். அப்ப எத்தனை பேரைச் சேர்த்தோம்னு மட்டும்தான் பாத்தாங்க. இந்தத் தொண்ணூத்தி நாலுல பேரு, மார்க்கு, பிரிவு எல்லாம் கேக்கறாங்க. விண்ணப்பம் போட்டு சீட்டு கிடைக்காதவங்க பேரும் வேணுமாம். நம்ம காலேஜ் போர்டுலயும் ஒட்டணுமாம்.

— ஒட்டிக்கிறியே, பாத்தேன். மேடவாக்கத்துல மனை அளந்துகினு இருந்தவன் அப்பிடியே போட்டுட்டு ஓடியாறேன். போர்டாண்ட ஒரே கூட்டம். ஒரு பொண்ணு அவங்கப்பனை இட்டுகினு வந்து லிஸ்ட்ட நோட்டுல எழுதிகினு கீது. பேஜாரா கீதும்மா.

— படப்பைப் பொண்ணா இருக்கும் சார். தையல்நாயகி. கணக்குல நூத்தித் தொண்ணூத்தாறு. பி.எஸ்சி. கணக்குக்கு நாப்பது சீட்டு, அவ இருபத்தெட்டாவது. கிடைக்கலை.

— எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணி வெச்சிக்கிறே.

— அஞ்சு நகல் சார். கார்பன்ல மூணுக்கு மேல தெளிவா விழாது, அதனால ரெண்டு தடவை அடிச்சேன். மனசுல நின்னுடுச்சு.

— சரி வுடு. நான் கோவிச்சுக்கல. வேலைல உன்ன மாதிரி ஆளு கெடைக்காது. போர்டுல கீறத கிழிச்சுட்டு புதுசா அடி. அந்தப் பதினாலு பேருக்கும் மார்க்க கொஞ்சம் தூக்கிப் போடு. சாயங்காலம் கையெழுத்து போட்டுத் தரேன்.

— கவர்மெண்டு நகல் நேத்தே போயிடுச்சு சார். டைரக்டர் ஆபீசுக்கு நானே பஸ் ஏறிப் போய்க் குடுத்துட்டு, ரசீதுல முத்திரையும் வாங்கிட்டு வந்துட்டேன்.

— என் கையெழுத்து இல்லாமயா?

— உங்க கையெழுத்துதான் சார். மனை வேலைன்னு கிளம்பறப்ப வருஷா வருஷம் வெறுந்தாள்ல இருபது கையெழுத்து போட்டுக் குடுத்துட்டுப் போவீங்களே. இந்த ஜூன்லயும் குடுத்தீங்க. "நீ தப்பு பண்ணமாட்டே மேரிம்மா"ன்னும் சொன்னீங்க.

— நம்பிப் போட்டேன் பாரு, என்னச் சொல்லணும்.

— நம்பினது வீண் போகலை சார். ஒரு எண் கூட தப்பு கிடையாது.

— நல்லா பேசற. எனக்கு இன்னா ஆயிடும்? வெளக்கம் கேப்பான், வக்கீல வெச்சு எழுதிப் போட்டுருவேன். ஆனா வரிசைய மீறிக் குடுத்த சீட்டு அத்தினியும் ரத்து ஆவும். அந்தப் பசங்கதான் நடுத்தெருவுல நிக்கும். அத்த யோசிச்சியா?

— ராத்திரி பகலா அதைத்தான் சார் யோசிச்சேன்.

— அப்பிடியா? போன மாசம் என் ரூம்ல வந்து நின்னு அழுதியே, அது ஞாபகம் கீதா? உன் பொண்ணு பிலோமினா எம்பத்தி மூணாவது. நாப்பது சீட்டுல எம்பத்தி மூணு. கேட்ட ஒடனே குடுத்தனா இல்லியா? ஒத்தப் பைசா கேட்டனா?

— கேக்கலை சார். கையெடுத்துக் கும்பிட்டேன். அன்னிக்கு சந்தோஷமாத்தான் வீட்டுக்குப் போனேன். மறுநாள்லேர்ந்துதான் வெக்கமா இருக்கு.

— மாட்னியா? என் ஆளுங்க பதினாலு பேருக்கு நேரா எம்பேர அடிச்சே. உன் பொண்ணு பேருக்கு நேரா மட்டும் எம்பேரு இல்ல, அழகா ஒரு கோடு இழுத்துருப்பே. திங்கக்கெழமை நானே டைரக்டராண்ட போறேன். உன் லிஸ்ட்டே பொய்யின்னு சொல்றேன். அப்பறம் எவன் உன்ன நம்புவான்?

— நீங்க உங்க பேரை மட்டும்தான் எண்ணியிருக்கீங்க சார். அதுக்கு அடுத்த வரியைப் படிக்கலை.

— இன்னா கீது அங்க?

— கோடு இழுக்கத்தான் சார் போனேன். பெத்த மனசு, கை தானா கோட்டுக்குத்தான் போச்சு. பக்கத்துல உக்காந்து மார்க்கையெல்லாம் ஒவ்வொண்ணா படிச்சுச் சொல்லிட்டு இருந்தது பிலோமினாதான். என் கையைப் பிடிச்சுட்டா. "எனக்கும் காரணம் அடிம்மா"ன்னா. அவளே சொல்லச் சொல்ல அடிச்சேன் சார்: "எழுத்தர் செல்வமேரியின் மகள். தாய் கெஞ்சி வாங்கிய இடம். திருப்பித் தருகிறேன்."