பாலத்துத் தூணுகிட்ட

இல்ல சார், இன்னிக்குப் படகு எறக்க மாட்டேன். மெட்ராஸ்லேருந்து இவ்ளோ தூரம் வந்துட்டீங்க, வாஸ்தவந்தான். வெள்ளாறு மேல பாக்க சும்மா கெடக்குற மாதிரிதான் இருக்கும். கலரப் பாருங்க. நேத்து பச்சையா இருந்த தண்ணி, இன்னிக்கு டீத்தண்ணி மாதிரி ஆயிட்டுது. அதோ, ஆகாயத்தாமரை கொத்துக் கொத்தா போவுது பாருங்க. மேக்க எங்கியோ மழ பேஞ்சி அணையில ஷட்டர் தொறந்துட்டாங்கன்னு அர்த்தம். இப்ப கடல் வேற வத்துற நேரம். மேலேருந்து தள்ளும், கீழேருந்து இழுக்கும்.

லைஃப் ஜாக்கெட்டா? போட்டா மெதப்பீங்க. ஆனா அந்தப் பாலத்துத் தூணுல இந்தக் கயாக் படகு குறுக்கால போயி ஒட்டிக்கிச்சின்னா, ஆத்துத் தண்ணி மொத்தமும் அதுமேல சாயும். ஆள அடியில போட்டு அமுக்கிடும். ஜாக்கெட்டு என்னா பண்ணும்?

விழுந்தா கயிறு வீச ஆளு இல்லியான்னா கேக்குறீங்க? இருந்துது சார். அன்னிக்கும் ஆளு இருந்துது.

உக்காருங்க, சொல்றேன்.

போன ஐப்பசிக்கு முந்துன ஐப்பசி. இலக்கியான்னு ஒரு பொண்ணு. மங்கலம்பேட்டப் பக்கம் ஊரு. அண்ணாமலை நகர்ல ரூம் எடுத்துப் படிச்சிது. மாசம் ரெண்டு தடவையாவது வந்துடும். எங்க வூட்டுக்காரரு அன்பரசுதான் அதுக்குத் துடுப்பு போடக் கத்துக் குடுத்தாரு. என்னிய அக்கான்னு கூப்புடும். வரப்பல்லாம் எனக்குன்னு பொட்டுக்கடல உருண்ட வாங்கியாரும்.

அன்னிக்குக் காலையில எட்டர மணி இருக்கும். தண்ணி லேசாத்தான் கலங்கியிருந்துது. போவட்டுமாண்ணான்னு கேட்டுது. அவரு கொஞ்ச நேரம் ஆத்தயே பாத்தாரு. பாலத்துக்கு இந்தாண்டயே சுத்திட்டு வந்துடும்மான்னு சொல்லி அனுப்புனாரு.

அரை மணி நேரத்துல தண்ணி ஏறிட்டுது. பொண்ணு திருப்பப் பாத்துது, முடியல. தண்ணி இழுத்துக்கிட்டுப் போயி தூணுல சாத்திட்டுது. இவரு இன்னொரு கயாக்குல போனாரு. கிட்டப் போனதும் அதுவும் கவுந்துட்டுது. ரெண்டு பேரும் தூணுல மாட்டுன படகப் புடிச்சிக்கிட்டுத் தொங்குறாங்க. நான் கயித்த எடுத்துக்கிட்டு ஓடிப்போயி மண்மேட்டுல நின்னேன். இருவது இருவத்தஞ்சடி தூரம் இருக்கும். ஒரு தடவ வீசத்தான் நேரம் இருந்துது.

அவரு பொழச்சாரு. பொண்ணு படகுக்கு அடியில போயிட்டுது. மூணாம் நாளு முகத்துவாரத்துக்கிட்ட வலைக்காரங்க கண்டு சொன்னாங்க.

ஊர்ல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க சார், பொண்ணுக்குப் போட்ட கயித்த அன்பரசு புடுங்கிக்கிட்டான்னு. டீக்கடையில அவரு வந்தா பேச்ச நிறுத்திடுவாங்க. யாரும் கட்டிவுட்ட கத இல்ல. போலீசு வந்து கேட்டப்ப அவரேதான் சொன்னாரு, உயிர் பயத்துல நான்தான் புடுங்கிட்டேன்னு.

பொண்ணோட அம்மா, இருசம்மாள்னு பேரு, இதே எடத்துல வந்து அவரு சட்டையப் புடிச்சிது. ஒம் பொண்ணா இருந்தா புடுங்கியிருப்பியாடான்னு கேட்டுது. அவரு தலைய நிமித்தல. நான் அவருக்குப் பின்னாடி நின்னேன். வாயத் தொறந்திருக்கலாம். தொறக்கல.

இப்பவா? குறிஞ்சிப்பாடியில ஒரு இரும்புக் கடையில நிக்கிறாரு. சனிக்கெழம வருவாரு, சாப்புடுவாரு, ஞாயித்துக்கெழம சாயங்காலம் போயிடுவாரு. ஆத்துப் பக்கம் திரும்பறதில்ல. ஒரு நாளு கூட என்னியத் திட்டுனதில்ல சார். திட்டியிருந்தா தேவல.

நான் எதுக்கு இங்கயே கெடக்குறேன்னா? தண்ணி கலங்குனா வர்றவங்கள திருப்பி அனுப்ப ஒரு ஆளு வேணுமில்ல.

நீங்க கோச்சிக்காம கெளம்புங்க. மழ வுட்டு நாலு நாளு போவட்டும், தண்ணி தெளிஞ்சதும் நானே எறக்கி வுடறேன்.

அவரு புடுங்கல சார். நீங்க ஊருக்குப் போயிடுவீங்க, அதான் சொல்றேன். பொண்ணு எனக்கு இந்தாண்ட, கிட்டக்க இருந்துது. அவரு அந்தாண்ட. சௌந்தரம், புள்ளைக்குப் போடுன்னு கத்துனாரு. நல்லாவே காதுல வுழுந்துது. நான் அது தலைக்கு மேல அவருக்கு வீசுனேன். அவரு புடிச்சி அதுகிட்ட குடுக்கத்தான் பாத்தாரு. அதுக்குள்ள நான் இழுத்துட்டேன். நிறுத்துடி நிறுத்துடின்னாரு, இழுத்துக்கிட்டே இருந்தேன்.

நான் வீசறப்ப அது கைய நீட்டுச்சி சார். தனக்குத்தான் வருதுன்னு.