அரக்கன் வீட்டுச் சாக்லேட்

ஓசூரிலிருந்து சூளகிரி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரே கம்பெனிச் சீருடையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவள் திடீரென்று, "எம் பொண்ணு நம்ம மேனேஜர அரக்கன்னு சொல்லிட்டாடி" என்றாள். கண்ணயர்ந்திருந்த நான் விழித்துக்கொண்டேன்.

"எப்பக்கா?" என்று பதறினாள் பக்கத்திலிருந்த இளம்பெண்.

"ஞாயித்துக்கெழம கம்பெனி விழாவுல. நீதான் ஊருக்குப் போய்ட்டியே. கத படிச்சா நல்ல குணம் வரும்னு மிஸ்ஸு சொன்னாங்கன்னு மாயாஜாலக் கதையா வாங்கிக் குடுத்தன். வந்த குணத்தப் பாரு."

"பாப்பா என்னதான் சொல்லிச்சு?"

"மேனேஜர் மைக்கப் புடிச்சி, இன்னும் ஒரு வருசம் நல்லா வேல செஞ்சா எல்லாரையும் பர்மனென்ட் பண்றன்னாரு. வருசா வருசம் சொல்றதுதான? இவ எழுந்து நின்னு, 'அரக்கனும் இப்படித்தான் சார் சொல்வான். மூணு வேல முடிச்சா வுட்டுடறன்னுவான், முடிச்சதும் நாலாவது சொல்வான்'னுட்டா."

"ஐயோ! அவரு?"

"சிரிச்சாரு. புத்திசாலிப் பொண்ணுன்னு சாக்லேட் நீட்டினாரு. இவ கையப் பின்னால கட்டிக்கிட்டா. அரக்கன் வூட்டுல எதையாச்சும் தின்னா வெளிய வரவே முடியாதாம்."

இளம்பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்பறம் அந்தச் சாக்லேட்டு?"

"மேனேஜர் குடுத்தத வேணான்னு சொல்ல முடியுமா? நான் வாங்கித் தின்னுட்டன்."

அவர்களுடைய நிறுத்தம் வந்தது. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று இருவரும் கம்பெனி கேட்டுக்குள் ஓடினார்கள்.